துறையூரிலிருந்து தினமும் போய்வரும் மகளுக்கு எந்தக் கணினி?

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்குத் திருச்சியில் பி.இ. படிப்பில் இ.சி.இ. (மின்னணுவியல், தகவல் தொடர்பு) பிரிவு கிடைத்திருக்கிறது, விடுதிச் செலவு கட்டுப்படியாகாது என்பதால் துறையூரிலிருந்தே பேருந்தில் போய்வரப் போகிறாள், சீட்டு எடுத்த பணத்தில் ரூ.22,000 ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். கடைக்காரர் 11 அங்குலத் திரை கொண்ட சிறிய கணினியைக் காட்டி, "படிக்கிற பிள்ளைக்கு இது தாராளம், தூக்கவும் சுலபம்" என்கிறார். திருப்பூரில் வேலை பார்க்கும் மூத்த மகனோ, "வாங்கினால் பெரிய லேப்டாப்பாக வாங்குங்கள், இல்லாவிட்டால் சும்மா இருங்கள்" என்கிறார். குறைகிற பணத்துக்குச் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம். மகள் சேர்ந்திருக்கும் படிப்புக்கு அந்தச் சிறிய கணினி முதலாண்டைத் தாண்டி உதவாது. ஆனால் அதற்காகச் சங்கிலியை அடகுக் கடைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம், இந்த மாதமே எதையும் வாங்கவும் வேண்டாம்.

இந்தச் சிறிய கணினிகளின் கதை எனக்குக் கொஞ்சம் நெருக்கமானது. 2007ஆம் ஆண்டின் இறுதியில் ஆசுஸ் நிறுவனம் 7 அங்குலத் திரையும் 4 ஜிபி சேமிப்பிடமும் கொண்ட ஈ பிசி என்ற குட்டிக் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு இன்டெல் நிறுவனம் இத்தகைய கணினிகளுக்காகவே ஆட்டம் என்ற சிக்கனமான பிராசஸரை (கணினியின் மூளை போன்ற சிப்பை) வெளியிட, ஏசர் முதல் டெல் வரை எல்லோரும் 'நெட்புக்' என்ற பெயரில் போட்டிபோட்டு விற்றார்கள். பாதி விலை, ஒரு கிலோ எடை என்ற ஆசையில் 2009இல் நானும் ஒன்று வாங்கினேன். அதன் திரைக்கு அகலம் இருந்த அளவு உயரம் இல்லை; குறுக்கே 1024 புள்ளிகள், நெடுக்கில் 600 மட்டும். ஒரு நாள் மாணவர் ஒருவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு ஒரு படிவத்தை நிரப்பி முடித்தேன். 'ஓகே' பொத்தானைக் காணவில்லை. அந்தப் பெட்டியின் அடிப்பகுதி திரைக்குக் கீழே, கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. டேப் விசையை எத்தனை முறை தட்டினால் அந்தப் பொத்தானுக்குப் போகும் என்று எண்ணி எண்ணித் தட்டி, குருட்டாம்போக்கில் என்டரை அழுத்தினேன். 2010இல் ஐபேட் என்ற தொடுதிரைக் கைக்கணினி வந்தது. 2012 முடிவதற்குள் ஆசுஸும் ஏசரும் நெட்புக் தயாரிப்பையே கைவிடும் நிலைக்கு வந்தன. எனக்கு அதில் வியப்பு ஏதும் இருக்கவில்லை.

இன்று கடைகளில் நெட்புக் என்ற சொல் புழக்கத்தில் இல்லை. மினி லேப்டாப், ஸ்டூடண்ட் லேப்டாப் என்ற பெயர்களில் அதே வகைதான் கொஞ்சம் பெரிய திரையோடு திரும்பி வந்திருக்கிறது. இப்போதைய திரையில் பொத்தான்கள் காணாமல் போவதில்லை. சிக்கல் திரையைவிட்டு உள்ளே போய்விட்டது.

உங்கள் கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டின் படத்தில் '4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி, செலரான்' என்று இருக்கிறது. இந்த மூன்றையும் வீட்டுப் பாஷையில் சொல்கிறேன். ரேம் என்பது சமையல் மேடை மாதிரி. ஒரே நேரத்தில் எத்தனை பாத்திரங்களை வைத்து வேலை செய்யலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். இஎம்எம்சி என்று எழுதியிருக்கும் சேமிப்பிடம் அலமாரி. செலரான் என்பது அடுப்பின் சூடு. இந்த வகை பிராசஸர்கள் மின்சாரத்தையும் வெப்பத்தையும் குறைப்பதற்காகவே வேகத்தைக் குறைத்துச் செய்யப்பட்டவை. இவற்றுள் அலமாரிக் கணக்குதான் மோசம். பெட்டியில் 64 என்று அச்சிட்டிருந்தாலும் கணினி தன் கணக்கில் 60 ஜிபிக்கும் குறைவாகத்தான் காட்டும். அதில் விண்டோஸ் 11 தன் அன்றாடப் புதுப்பிப்புகளோடு சேர்ந்து ஏறக்குறைய பாதியைப் பிடித்துக்கொள்ளும். உண்மையில் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பிடமும் விண்டோஸ் 11 ஏறுவதற்கே மைக்ரோசாஃப்ட் விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவு. வாசற்படியில் நிற்க அனுமதி உண்டு, உள்ளே உட்கார இடமில்லை என்பதுதான் அதன் பொருள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று சீட்டில் எழுதப்படவே இல்லை. இத்தகைய கணினிகளில் ரேமும் சேமிப்பிடமும் பெரும்பாலும் மதர்போர்டு என்ற உள் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இரண்டாம் ஆண்டில் போதவில்லை என்று தெரிந்தால், கழற்றி எடுத்துப் பெரியதாக மாற்ற வழியில்லை. முழுக் கணினியையும் மாற்ற வேண்டியதுதான். வழக்கமான லேப்டாப்களில் பலவற்றில் ரேமைச் செருகும் ஸ்லாட் ஒன்றாவது காலியாக இருக்கும், எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பிடத்தையும் மாற்றலாம். "ஸ்லாட் இருக்கிறதா, போர்டிலேயே ஒட்டியதா?" என்ற ஒரே கேள்வியைக் கடையில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

இனிப் படிப்புக்கு வருவோம். முதலாண்டில் பைத்தான், சி போன்ற நிரலாக்கப் பாடங்கள்தான் கணினியைக் கேட்கும். அவற்றை எந்தக் கணினியும் ஓட்டிவிடும், நீங்கள் பார்த்த சிறியதும் ஓட்டும். அதனால்தான் முதல் வருடம் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். அடுத்தடுத்த ஆண்டுகளில் சிக்னல் பிராசஸிங், மைக்ரோகன்ட்ரோலர், வி.எல்.எஸ்.ஐ. எனப்படும் சிப் வடிவமைப்பு என்று பாடங்கள் வரும்போது நிலைமை மாறும். கணக்கீடுகளுக்கான மேட்லேப் மென்பொருளுக்கு இப்போது 8 ஜிபி ரேமாவது வேண்டும். மைக்ரோகன்ட்ரோலர் பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் கைல் மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. சிப் வடிவமைப்பைப் பழகப் பயன்படும் விவாடோ என்ற மென்பொருள் ஒன்று மட்டுமே பல பத்து ஜிபி இடத்தைக் கேட்கும். 64 ஜிபி கணினியில் அதை ஏற்ற நினைப்பது, ஒற்றை அறை வீட்டில் கல்யாணப் பந்தி போட நினைப்பதைப் போன்றது. இவற்றைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். விடுதியில் இருக்கும் பிள்ளைகள் மாலையில் ஆய்வகம் திறந்திருக்கும் வரை உட்கார்ந்து செய்வார்கள். உங்கள் மகளோ நான்கரை மணிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். தினமும் வீட்டுக்கு வருகிற பிள்ளைக்குத்தான் வீட்டில் நல்ல கணினி கூடுதலாகத் தேவைப்படுகிறது. கடைக்காரர் "போய்வருகிற பிள்ளை, அதனால் சிறியது" என்று சொன்ன அதே காரணத்தை வைத்துத்தான் நான் இதற்கு மாறாகச் சொல்கிறேன்.

எடையைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வந்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி இன்னொரு பேருந்து ஏறுகிற பெண்ணுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்குதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 11 அங்குலக் கணினி ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. 14 அங்குல லேப்டாப் சுமார் 1.4 கிலோ, 15.6 அங்குலம் சுமார் 1.7 கிலோ. சிறியதற்கும் 14 அங்குலத்துக்கும் உள்ள வேறுபாடு, அவள் பையில் வைத்திருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதிகூட இல்லை. உங்கள் மூத்த மகன் 'பெரியது' என்று சொல்லும்போது கேமிங் லேப்டாப்பை மனத்தில் வைத்திருந்தால் அதை மட்டும் மறுத்துவிடுங்கள். அது இரண்டு கிலோவைத் தாண்டும், சார்ஜரே அரை கிலோ வரை கனக்கும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடும். 14 அங்குலம், 8 ஜிபி ரேம், கூட்டுவதற்கு ஒரு ஸ்லாட், 512 ஜிபி எஸ்எஸ்டி: உங்கள் வீட்டு விவாதத்தை இந்த அளவில் முடித்துக்கொள்ளலாம். பணம் இடம் கொடுத்தால் 16 ஜிபி ரேம் இன்னும் நல்லது. அன்றியும், தினமும் அதைத் தூக்கிப்போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. செய்முறைத் தேர்வு, திட்டப்பணி என்று ஆசிரியர் சொல்லும் நாள்களில் கொண்டுபோனால் போதும்.

கொண்டுபோகும் நாளில் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். கணினி முதுகை ஒட்டிய பக்கம் இருக்க வேண்டும். சாப்பாட்டு டப்பா அதன் மூடிமேல் அழுந்தக் கூடாது. கூட்டப் பேருந்தில் நசுங்கித் திரை விரிசல் விட்டு என்னிடம் வந்து புலம்பிய பிள்ளைகள் பலர். அவர்களில் பாதிப் பேரின் பையில் எவர்சில்வர் டப்பாதான் குற்றவாளி. இன்னும் சிலருக்கு, கணினிக்குள் கசிந்த சாம்பார்.

உங்கள் மகள் வேறு படிப்பில் சேர்ந்திருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும். தமிழ், வரலாறு, பொருளியல் படிப்பவர்களுக்கும், போட்டித் தேர்வுக்குப் பாடநூல்களைத் திரையில் வாசித்து மாதிரித் தேர்வு எழுதுபவர்களுக்கும் சிறிய கணினி உண்மையிலேயே போதும். வணிகவியல் மாணவர்கள் மட்டும் அதில் விண்டோஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஏனெனில் டேலி என்ற கணக்குப்பதிவு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும், கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் இயங்கும் குரோம்புக்கில் அதை நேரடியாக நிறுவ முடியாது.

பணத்துக்கு வருகிறேன். மகளுக்குக் கல்விக் கடன் கேட்டு வங்கியில் விண்ணப்பித்திருப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்; அந்த வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவைப்படுமானால் நியாயமான விலையில் கணினி வாங்கும் செலவையும் கடனில் சேர்த்துக்கொள்ள இடம் உண்டு. ரூ.4 லட்சம் வரையிலான கடனுக்குப் பெற்றோர் தம் பங்காக முன்பணம் போட வேண்டியதும் இல்லை. கல்லூரியில் கட்டணச் சான்று வாங்கும்போதே, இந்தப் படிப்புக்குக் கணினி தேவை என்று ஒரு வரியும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கடையில் விலைப்புள்ளி ஒன்று வாங்கி இரண்டையும் சேர்த்துக் கிளை மேலாளரிடம் கொடுங்கள். கடன் தொகை முடிவான பிறகு போய்க் கேட்டால் "இனிச் சேர்க்க முடியாது" என்ற பதில் வரக்கூடும் என்பதால் இதை முன்னதாகவே செய்வது நல்லது. சங்கிலிக்கு அடகுக் கடையில் கட்டும் வட்டியைவிடக் கல்விக் கடன் வட்டி பெரும்பாலும் குறைவு. திருப்பிச் செலுத்துவதும் படிப்பு முடிந்த பிறகுதான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்குவதாக அறிவிக்கப்பட்டது. உங்கள் மகளின் கல்லூரியும் ஆண்டும் அதில் வருகின்றனவா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாயும் செலவிடாதீர்கள். இந்த மாதமே வாங்க வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொரு காரணம், வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆனால் மூன்றாம் ஆண்டு அக்காமார்களிடம் எந்த மென்பொருளை எந்தப் பருவத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று மகளே கேட்டு வந்துவிடுவாள். அந்தத் தகவல் என் அனுபவத்தைவிடத் துல்லியமாக இருக்கும். அதுவரை பைத்தான் பழகக் கல்லூரி ஆய்வகம் போதும்.

கடனும் கிடைக்கவில்லை, அரசுக் கணினியும் இல்லை, கையில் ரூ.22,000 மட்டும்தான் என்றால், புதிய சிறிய கணினியைவிட அலுவலகங்களில் பயன்பட்டுத் திரும்பிய 14 அங்குல லேப்டாப்பைப் பழுது பார்த்து, உத்தரவாதத்தோடு விற்கும் கடையில் வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தருவது, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுபோனது. இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் விண்டோஸ் 11க்கு முறைப்படி ஏற்றவை. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து உள்ளூர்க் கடை வரை மலிவாகக் குவிந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கடைக்காரர் "ஐ5, ஐ7" என்று பெருமையாகச் சொல்வார், அதை விட்டுவிட்டு "எந்த ஜெனரேஷன்?" என்று கேளுங்கள். பேட்டரியைச் சோதிக்க, சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு வீடியோவை ஓடவிட்டுக் கடையிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள். அரை மணியில் 30 சதவீதம் இறங்கினால் பேட்டரி மாற்றித் தரச் சொல்லுங்கள். அவர் முகம் சுளிக்கலாம், பொருட்படுத்தாதீர்கள்.

எதை வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில்லை மகளின் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். வங்கிக்கும் உத்தரவாதத்துக்கும் அதுதான் ஆதாரம். கடையில் ஏதேனும் ஒன்றை முடிவு செய்தால், பணம் கட்டுவதற்கு முன் கணினியைத் திருப்பி, அதன் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படமெடுத்து எனக்கு அனுப்பும்படி மகளிடம் சொல்லுங்கள். ரேம் கூட்ட முடியுமா என்பதைப் பார்த்து அன்று மாலைக்குள் பதில் எழுதுகிறேன்.