வித்தைக்காரர் பரம்பரையின் பழைய வீடு: கேள்வி பதில்

கதைகளுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் கற்பனைக் கட்டடங்களின் தரைப்படம் வரைந்து தருவது என் வேலை. தலைமுறை தலைமுறையாக வித்தைக்காரர்கள் வாழ்ந்து, ஆளாளுக்கு இடித்தும் கட்டியும் மாற்றிய பழைய வீடு ஒன்றை எப்படி அமைப்பது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் மிகவும் விரும்பி வரையும் வீடு இது. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: நான்கு தலைமுறை வித்தைக்காரர்கள் வாழ்ந்த வீட்டை வைத்து நாவல் எழுதுகிறேன். ரகசிய அறைகளைக் குறித்து வரைந்து பார்த்தால், எல்லாம் ஒரே ஆள் ஒரே மூச்சில் கட்டியதுபோல் இருக்கிறது. எங்கே பிசகுகிறது?

பதில்: ரகசிய அறையிலிருந்து தொடங்கியதில்தான். முதலில் எவருக்கும் சொந்தமாக இருக்கக்கூடிய சாதாரண வீட்டை வரையுங்கள். கூடம், சமையலறை, படுக்கையறைகள், மாடிப்படி போதும். அதன்மேல் மெல்லிய தாள் ஒன்றைப் போட்டு, முதல் தலைமுறை இடித்ததையும் கட்டியதையும் மட்டும் வரையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அடுத்த தாள். நான்கையும் அடுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். தாத்தா ஒளித்துவைத்த நடைவழிக்குள் பேரன் தெரியாமல் புகைபோக்கியை இறக்கியிருப்பான். அந்த வெட்டு விழும் இடங்களில்தான் உங்கள் நாவல் இருக்கிறது.

ஒவ்வொருவருக்கும் ஒரு கைத்தொழிலும் கொடுங்கள். பிரான்சின் ராபர்ட் ஹூடினும் இங்கிலாந்தின் ஜான் நெவில் மாஸ்கெலினும் மேடைக்கு வருமுன் கடிகாரத் தொழில் பழகியவர்கள். அவர்களுடைய வித்தையில் பற்சக்கரமும் சுருள்வில்லும் இருந்ததில் வியப்பில்லை. தச்சர் கட்டிய பகுதியில் பலகையும் கீலும் பேசும், கடிகாரக்காரர் கட்டிய பகுதியில் கம்பியும் எடைக்கல்லும் பேசும்.

உடலையும் மறக்காதீர்கள். ஹாலந்தின் பாம்பெர்க் குடும்பம் ஆறு தலைமுறை வித்தை செய்தது. அதில் முன்னோடியான எலியாசருக்கு ஒரு கால் மரக்கால். அதற்குள்ளேயே பொருள்களை மறைத்துவைத்து வித்தை காட்டினார். ஐந்தாம் தலைமுறையான தியோ, ஒக்கிட்டோ என்ற பெயரில் மேடையேறியவர், செவித்திறனை இழந்ததால் பேச்சே இல்லாத நிகழ்ச்சியை உருவாக்கினார். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் வாழ்ந்திருந்தால் அவர் பகுதியில் அழைப்பு மணி இருக்காது. கதவைத் தொட்டால் உள்ளே ஒரு தகடு புரளும், அல்லது காலடிப் பலகை அதிரும். இரண்டு தலைமுறைக்குப் பின் வாழ்பவர்களுக்கு அந்தத் தகடு எதற்கு என்றே தெரியாது.

கேள்வி: ரகசிய நடைவழி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்?

பதில்: நேராக நடக்க 60 செ.மீ., பக்கவாட்டில் நகர்ந்து போக 45 செ.மீ. இருபுறச் சுவர்களையும் சேர்த்தால் ஒரு மீட்டருக்கு மேல் வந்துவிடும். அந்த ஒரு மீட்டரை வீட்டுக்குள் எங்கே தொலைப்பது என்பதுதான் சிக்கல். கணப்பு, சுவர் அலமாரி, மாடிப்படியின் அடிப்பகுதி ஆகியவற்றின் பின்னால் தொலையுங்கள். அங்கே சுவர் தடித்திருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இந்தக் கலையில் நான் வணங்கும் பெயர் நிக்கோலஸ் ஓவன். கத்தோலிக்கப் பாதிரிகள் வேட்டையாடப்பட்ட காலத்தில், இங்கிலாந்தின் வீடுகளில் அவர்களுக்கு மறைவிடங்கள் அமைத்த தச்சர் அவர். பகலில் எல்லோர் கண்முன்னும் சாதாரண மரவேலை, இரவில் தனியாக மறைவிட வேலை. 1606இல் சிறையில் சித்திரவதைக்குள்ளாகி இறக்கும்வரை ஒரு மறைவிடத்தைக்கூட அவர் காட்டிக்கொடுக்கவில்லை. ஹார்விங்டன் ஹால் என்ற மாளிகையில் பார்வைக்கு வெறும் தூணாக நிற்கும் மரக்கட்டை ஒன்று அச்சில் சுழன்று வழிவிடுகிறது. உங்கள் வீட்டை யார் கட்டினார், இரவில் ஏன் தனியாக வேலை செய்தார் என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள். ரகசியம் தெரிந்த தச்சர் ஒருவர் குடும்பத்துக்கு வெளியே இருந்திருக்கிறார் என்பது கதைக்குப் பெரிய வரவு.

கேள்வி: என் கதையில் மந்திரம் உண்மையிலேயே பலிக்கும். நினைத்தவுடன் சுவர் திறக்கும். அப்புறம் கீலும் கப்பியும் எனக்கு எதற்கு?

பதில்: கீல் வேண்டாம், ஆனால் கீலுக்கு உள்ள குணங்கள் வேண்டும். கீல் துருப்பிடிக்கும், எண்ணெய் கேட்கும், ஒரு பக்கமாகத்தான் திறக்கும். உங்கள் மந்திரமும் அப்படித் தேய வேண்டும். கொள்ளுப்பாட்டி தன் குரலுக்குத் திறக்கும்படி கட்டிய கதவு, அவள் குரலை ஒத்த பேத்தி இருமினால் திறந்துகொள்ளட்டும். கூடத்தை விரிவாக்க ஒருவர் ஓதிய மந்திரத்தை நிறுத்தும் சொல் அவரோடு போய்விட்டது. அந்தக் கூடம் இன்னும் ஆண்டுக்கு ஒரு விரற்கடை நீண்டுகொண்டிருக்கட்டும். தரைக்கற்களுக்கு நடுவே இடைவெளி விழும், யாராவது ஒருவர் சுண்ணாம்பு குழைத்து அதை அடைத்துக்கொண்டே இருப்பார். பலிக்கும் மந்திரத்தைவிட அதைப் பராமரிக்கும் மனிதரைத்தான் வாசகர் நம்புவார்.

கேள்வி: கண்ணாடி வித்தைகள் எப்படி வேலை செய்கின்றன? வீட்டுக்குள் அவற்றைப் பொருத்த முடியுமா?

பதில்: முடியும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1865இல் லண்டனின் எகிப்தியன் ஹாலில் ஸ்டோடேர் என்ற வித்தைக்காரர் ஒரு மேசைமேல் பேசும் தலை ஒன்றைக் காட்டினார். மேசையின் அடியில் வெற்றிடம் மட்டுமே தெரிந்தது. தாமஸ் டோபின் வகுத்த உத்தி அது. மேசைக்கு மூன்று கால்கள். முன்காலிலிருந்து பின்கால்கள் இரண்டுக்கும் சாய்வாக இரண்டு கண்ணாடிகள். பார்ப்பவருக்குத் தெரிந்தது பின்சுவர் இல்லை, பக்கச் சுவர்களின் பிம்பம். கண்ணாடிகளுக்குப் பின்னால் ஆள் மண்டியிட்டிருந்தார்.

இது பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. பக்கச் சுவர்களும் பின்சுவரும் ஒரே நிறம், ஒரே துணி, ஒரே வெளிச்சமாக இருக்க வேண்டும். வீட்டுக்கு இதைக் கொண்டுவரும்போது இதுவே உங்கள் கதைக்குத் துப்பு ஆகிவிடும். மற்ற அறைகளில் ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு விதம், ஓர் அறையில் மட்டும் மூன்று சுவர்களிலும் ஒரே திரைச்சீலை. காரணத்தைச் சொல்லாமல் மூன்றாம் அத்தியாயத்திலேயே இதை எழுதிவிடுங்கள்.

இன்னொன்று பெப்பரின் ஆவி. 1862ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஜான் ஹென்றி பெப்பர் லண்டனில் அதை நிகழ்த்திக் காட்டினார். அடிப்படை யோசனை ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளருடையது. ரசம் பூசாத வெறும் கண்ணாடியைச் சாய்வாக நிறுத்தி, பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும். அவர்மேல் பலத்த வெளிச்சம் விழும்போது கண்ணாடிக்கு அப்பால் அவருடைய உருவம் மிதக்கும். கண்ணாடிக்கு முன்னால் அவர் எத்தனை அடி தள்ளி நிற்கிறாரோ, பின்னால் அத்தனை அடி தள்ளி உருவம் தெரியும். ஆகவே தாத்தாவின் நாற்காலியில் ஆவி உட்கார வேண்டுமென்றால், மறைவறையிலும் அதே தூரத்தில் ஒரு நாற்காலி போட வேண்டும். அந்தச் சிறிய அறையைக் கண்டுபிடிக்கும் பாத்திரம், இருட்டில், எதையும் பாராத ஓர் ஒற்றை நாற்காலியைக் காணட்டும். நான் வரைந்த வீடுகளிலேயே எனக்குப் பிடித்த அறை அதுதான்.

கண்ணாடியை நாள்தோறும் துடைக்க வேண்டும். கைரேகை ஒன்று பட்டாலும் மாயம் கலைந்துவிடும். அப்படியென்றால் துடைக்கும் பணியாளுக்கு ரகசியம் தெரியும். வாரிசுகளைவிட அவருக்கு வீடு நன்றாகத் தெரியும்.

கேள்வி: கூரையில் போய் முட்டும் படிக்கட்டு, திறந்தால் வெறும் வெளியில் விழவைக்கும் கதவு போன்ற விநோதங்கள் நிறைய வைக்க ஆசை. நல்லதா?

பதில்: நிறைய வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒருகாலத்தில் ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும், அது இப்போது மறந்துபோயிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் வின்செஸ்டர் மாளிகையை எல்லோரும் ஆவிகளுக்காகக் கட்டிய வீடு என்பார்கள். சாரா வின்செஸ்டர் 1886 முதல் 1922இல் இறக்கும்வரை அதைக் கட்டிக்கொண்டிருந்தார். 1906 நிலநடுக்கத்தில் மேல்தளங்கள் சரிந்தன, பல பகுதிகளைத் திரும்பக் கட்டாமலே விட்டார். எங்கும் போகாத கதவுகளில் சில அப்படி மிஞ்சியவை. மிகத் தாழ்வான படிகள் அவருடைய மூட்டுவலிக்காகப் போட்டவை. ஆவிக் கதையைவிட இந்த மூட்டுவலிதான் என் மனதில் தங்கியது. உங்கள் படிக்கட்டு கூரையில் முட்டுகிறதென்றால், மேலே முன்பு ஒத்திகை அறை இருந்ததா, தீயில் போனதா, யார் உள்ளே இருந்தார் என்று முடிவு செய்துவிட்டு வரையுங்கள்.

கேள்வி: விளையாட்டு ஒன்றுக்காகக் கேட்கிறேன். வெளியே சிறிதாகவும் உள்ளே பெரிதாகவும் தெரியும் வீட்டை, மந்திரம் இல்லாமல் நியாயப்படுத்த முடியுமா?

பதில்: நன்றாகவே முடியும். ஜப்பானின் கனசாவா நகரில் மியோர்யூஜி என்ற கோயில் வெளியிலிருந்து இரண்டு மாடிக் கட்டடமாகத் தெரியும். உள்ளே நான்கு மாடிகள், அவற்றுக்குள் ஏழு அடுக்குகள், 23 அறைகள், 29 படிக்கட்டுகள். தளங்களின் உயரத்தை அரையரை மாடியாக மாற்றி அடுக்கினால் போதும், நடப்பவருக்கு எண்ணிக்கை தவறிவிடும்.

நீளத்துக்கு ரோமின் ஸ்பாடா மாளிகையைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் பொரோமினி என்ற கட்டடக் கலைஞர் அமைத்த தூண் நடை 9 மீட்டருக்கும் குறைவு, பார்வைக்கு 35 மீட்டருக்கு மேல் போகும். உள்ளே போகப் போகத் தரை உயர்கிறது, கூரை தாழ்கிறது, தூண்கள் சிறுக்கின்றன. கடைசியில் ஆள் உயரமாகத் தெரியும் சிலையின் உண்மை உயரம் சுமார் 60 செ.மீ.தான். இதன் பலவீனத்தையும் பயன்படுத்துங்கள். அதற்குள் ஒருவர் நடந்துபோனால் ராட்சதர் ஆகிவிடுவார், வித்தை கெட்டுவிடும். எனவே அந்த நடையில் நுழையக் கூடாது என்று குடும்பத்தில் ஒரு கண்டிப்பு இருக்கும். குழந்தைகளிடம் வேறு ஏதோ பயங்கரக் காரணம் சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: தானே திறக்கும் கதவு வேண்டும். ஆனால் கதை மின்சாரத்துக்கு முந்தையது.

பதில்: முதல் நூற்றாண்டிலேயே அலெக்சாண்டிரியாவின் ஹீரோன் என்ற பொறியாளர் வழி சொல்லிவிட்டார். பலிபீடத்தில் தீ மூட்டினால் கீழே அடைத்த கலத்தில் காற்று விரிந்து நீரைத் தள்ளும். நீர் ஒரு வாளியில் நிறைய, அதன் எடை கயிற்றை இழுத்துக் கதவுகளைத் திருப்பும். தீ அணைந்தால் நீர் திரும்பிவிடும், எதிரெடை கதவைச் சாத்தும். உங்கள் வீட்டில் பலிபீடத்துக்குப் பதில் கணப்பு இருக்கட்டும். குளிர்காலத்தில் மட்டும் திறக்கும் கதவு!

மின்சாரம் வந்த தலைமுறைக்கு ராபர்ட் ஹூடின் புளோவா நகருக்கு அருகே வாழ்ந்த வீடு இருக்கிறது. வாயிற்கதவைத் தட்டினால் வீட்டுக்குள் மணி அடிக்கும், உள்ளிருந்தே பூட்டைத் திறக்கலாம், உள்ளே வரச் சொல்லும் தகடு வெளியே தோன்றும். குதிரைக்கு உரிய நேரத்தில் தீனி விழவும் கடிகாரத்தோடு இணைத்த ஏற்பாடு இருந்தது. மேடையை விட்டு ஓய்வு பெற்றவர் வீட்டையே மேடையாக்கிக்கொண்டார்.

கேள்வி: வாசகருக்கு வரைபடம் கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள், ஆனால் குடும்பத்தார் நம்பும் வரைபடத்தைக் கொடுங்கள். அதில் பிழைகள் இருக்கும். சரியான படம் உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: என் கடைசித் தலைமுறை ஒரு பெண். வித்தையையே வெறுப்பவள். வீட்டை விற்கத்தான் வருகிறாள். அவள் அந்த வீட்டில் என்ன மாற்றம் செய்வாள்? எதுவும் செய்யாமல் அவளை எப்படி இந்தப் பரம்பரையில் சேர்ப்பது?

பதில்: அவள் முதலில் பிரகாசமான விளக்குகளைப் போடுவாள். அது போதும். இந்த வீட்டின் மாயங்கள் மெழுகுவத்திக்கும் எரிவாயு விளக்குக்கும் அளந்து செய்தவை. புதிய வெளிச்சத்தில் சாய்வுக் கண்ணாடியின் விளிம்பு மின்னும், மூன்று சுவர்களில் ஒன்றின் துணி மட்டும் வெளிறியிருப்பது தெரியும். முன்னோர்கள் நூறாண்டு காத்ததை ஒரு மாலைக்குள் அவள் அறியாமலே அவிழ்த்துவிடுவாள்.

அடுத்த நாள் அளவெடுப்பவரை அழைப்பாள். விற்பதென்றால் அளவு வேண்டும். அவர் அறை அறையாக அளந்து கூட்டுவார், பிறகு வெளிச்சுவரை அளப்பார். மாடிப்படி இருக்கும் பக்கத்தில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் குறையும். தன் கணக்குத்தான் தவறு என்று நினைத்து மறுபடி அளப்பார். நாடாவின் மறுமுனையைப் பிடித்திருப்பது அவள்தான். இரண்டாம் முறையும் அதே எண் வரும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்பதை எழுதுங்கள்.