கிளட்ச் மாற்ற 1,800 சிங்கப்பூர் வெள்ளி நியாயமா?

கேள்வி: என் 2013ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் கிளட்ச் மிதி மிதித்தால் மேலெழாமல் கிடக்கிறது. கிளட்ச் முழுவதையும் மாற்ற ஒரு பட்டறையில் 1,800 வெள்ளி கேட்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: தொகையை எடைபோடுமுன், பழுது சரியாகக் கண்டறியப்பட்டதா என்று கேளுங்கள். மிதி மேலெழாதது பெரும்பாலும் கிளட்ச் எண்ணெயின் அழுத்தம் குறைவதன் அடையாளம். கியர்பெட்டிக்கு வெளியே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் (மிதியின் அழுத்தத்தை எண்ணெய் வழியே பெற்று கிளட்ச்சை இயக்கும் சிறு உருளை) ரப்பர் உறையை விலக்கிப் பார்த்து, அங்கே எண்ணெய் கசிந்திருந்தால், கியர்பெட்டியைக் கழற்றாமலேயே குறைந்த செலவில் சரிசெய்துவிடலாம். கிளட்ச் தட்டு தேய்ந்திருந்தால் மேடேறும்போது இன்ஜின் சுழற்சி கூடும், வேகம் கூடாது. அப்படியானால் உதிரிபாகத்தையும் கூலியையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். கியர்பெட்டியை இறக்குவதே பெரிய வேலை என்பதால் ரிலீஸ் பேரிங்கையும் (மிதியை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் பேரிங்) கூடவே மாற்றச் சொல்லுங்கள். சிஓஇயை (சிங்கப்பூரில் குறிப்பிட்ட காலத்துக்குக் கார் வைத்திருக்க உரிமை தரும் சான்றிதழ்) 5 ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தால் மீண்டும் நீட்டிக்க முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.