பதில்: காபா-ஏ ஆல்ஃபா1 சாயம் பிளாட்டில் வருகிறது, சீவலில் வரவில்லை

காபா-ஏ ஏற்பியின் (நரம்புச் செல்லை அடக்கும் காபா வந்து ஒட்டும் புரதம்) ஆல்ஃபா1 துணையலகுக்கான ஆன்டிபாடியைப் போட்டால், வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் முறை) 50 கிலோடால்டன் பக்கம் பட்டை சுத்தமாக விழுகிறது, சுண்டெலி மூளைச் சீவலில் மட்டும் சினாப்ஸ் (நரம்புச் செல்கள் சந்திக்கும் இடம்) புள்ளிகளே இல்லாமல் மங்கலான படலம்தான் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு வேறு ஆன்டிபாடி வாங்கிவிடாதீர்கள். திசுவை நிலைப்படுத்தும் 4% பாராஃபார்மால்டிஹைடை (கரைசலில் இது ஃபார்மால்டிஹைடுதான்) இதயம் வழியாகச் செலுத்தியதோடு ராத்திரி முழுக்க அதிலேயே ஊறவும் விட்டிருக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் சந்தேகம். சினாப்ஸில் புரதங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, ஃபார்மால்டிஹைடு அவற்றைப் பின்னிப் போட்டுவிட்டால் ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இடமே மூடிப்போகும். பிளாட்டில் எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருள் புரதத்தை விரித்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

கையில் இருக்கும் சீவல்களை வீணாக்க வேண்டாம். 0.2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பெப்சின் (புரதத்தைச் செரிக்கும் நொதி, அந்தப் பின்னலைத் தளர்த்தும்) கலந்து, 37 டிகிரியில் 5, 10, 15 நிமிடம் என்று மூன்று சீவலில் பாருங்கள், நேரம் கூடினால் சீவல் கொழகொழத்துத் தூரிகையிலேயே கிழிந்துவிடும். அடுத்த எலிக்கு ஆக்ஸிஜன் ஏற்றிய குளிர்ந்த செயற்கை மூளைத் தண்டுவடத் திரவத்தை மட்டும் செலுத்தி மூளையை எடுத்து, ஒன்றரை முதல் மூன்று மணி நேரம் மட்டும் ஃபார்மால்டிஹைடில் வையுங்கள்.

அப்புறம், தலாமஸ் வரும் சீவலாக எடுங்கள். தலாமஸின் ரெட்டிகுலர் உட்கருவில் (இது செல்லின் உட்கரு அல்ல, நரம்புச் செல்களின் தொகுப்பு) ஆல்ஃபா3 என்ற வேறு துணையலகுதான் நிறைய, ஆல்ஃபா1 கிட்டத்தட்ட கிடையாது. அதை ஒட்டியே இருக்கும் வென்ட்ரோபேசல் பகுதியில் ஆல்ஃபா1 நன்றாக இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி ஒளிர்ந்தால், அப்போது ஆன்டிபாடியைச் சந்தேகப்படுங்கள். படம் எடுத்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.