பதிவு செய்யாவிட்டால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: லேப்டாப் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்ய மறந்துவிட்டேன். வாரண்டி கிடைக்காதா?

பெரும்பாலும் கிடைக்கும். பதிவை விடுங்கள், பில் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வாங்கிய பதினோராவது மாதம் மானிட்டரின் நடுவே பச்சையாக ஒரு கோடு விழுந்தது. ஒரு வருட வாரண்டி, பில் பர்ஸில் பத்திரமாக இருக்கிறது, கவலையே இல்லை என்று எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள்! கடை பில் பலவும் தெர்மல் தாளில் வருவது. அதில் மை கிடையாது, சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான். வெயிலிலோ பிளாஸ்டிக் உறையிலோ வைத்திருந்தால் எழுத்து மங்கிவிடும். சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்து, "வாரண்டி முடிந்து மூன்று மாதம் ஆச்சே" என்றார்கள். பில் இல்லாததால் தயாரித்த தேதியிலிருந்து கணக்கு. விற்காமல் பெட்டி கிடந்த நான்கு மாதமும் என் தலையில். நல்லவேளை, கார்டில் பணம் கட்டியிருந்தேன். அந்தத் தேதியை வைத்துக் கடையில் பில் நகல் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது.

பதிவு செய்திருந்தால் இந்த அலைச்சல் மிச்சம். வாங்கிய தேதி அவர்கள் கணக்கில் ஏறிவிடும், அவ்வளவுதான் அதன் பெரிய பயன். பேட்டரி கோளாறு என்று திரும்பப் பெற்றால் தகவலும் வரும். வாரண்டி உரிமை பெரும்பாலும் அதை நம்பி இல்லை. அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டத்தின் கீழ், 'முழு வாரண்டி' என்று எழுதித் தந்தால் பதிவு அட்டை அனுப்பினால்தான் செல்லும் என்று நிபந்தனை போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படியான குறைந்தபட்சம் 2 வருடப் பொறுப்பு விற்றவருடையது, அதற்குப் பதிவே வேண்டாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. "பதிவு செய்தால் ஒரு வருடம் கூடுதல்" என்று போட்டிருந்தால் அதற்குக் கெடு இருக்கும். தவறவிட்டால் அந்தக் கூடுதல் வருடம் போயிற்று.

அட்டையில் பெரிய எழுத்தை நம்பாதீர்கள். பத்து வருட வாரண்டி என்று ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்பது பல சமயம் கம்ப்ரசருக்கு மட்டும்தான். லேப்டாப்பிலேயே பேட்டரிக்குத் தனிக் காலம் இருக்கலாம். தண்ணீர் புகாது என்று விளம்பரம் செய்த போனுக்குள் தண்ணீர் போனால், அது வாரண்டியில் வராது என்பார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைத் துண்டு ஈரம் பட்டுச் சிவந்திருக்கும், அப்புறம் வாதாடிப் பயனில்லை.

சரி, உங்கள் விஷயம். பில்லையும் லேப்டாப் அடியில் உள்ள சீரியல் நம்பரையும் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். பதிவுப் பக்கத்தைத் தேடுபொறியில் தேடாமல், கையேட்டில் உள்ள முகவரியைத் தட்டுங்கள், போலித் தளங்கள் நிறைய. நட்சத்திரக் குறி இல்லாத கட்டங்களை நிரப்ப வேண்டியதில்லை. என் பிறந்த நாள் அவர்களுக்கு எதற்கு? வாங்கிய தேதி கேட்கும் இடத்தில் மட்டும் கவனம், பில்லில் உள்ள தேதியையே போடுங்கள்.