முதலாளியின் போனுக்கு முன்பே தெரிய வேண்டும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணினிப் பிரிவை ஒற்றை ஆளாகக் கவனித்துவருகிறேன். மூன்று கட்டடங்களில் 14 நெட்வொர்க் ஸ்விட்ச், 6 வைஃபை கருவி, 30 கேமரா, ஒரு பில்லிங் சர்வர். எது நின்றாலும் முதலாளி போனில் சத்தம் போட்ட பிறகுதான் எனக்கே தெரிகிறது. கருவிகளைக் கண்காணித்து எச்சரிக்கும் நாகியோஸ் மென்பொருளை நிறுவிப் பார்த்தேன். ஒரே இரவில் 200 மின்னஞ்சல் வந்ததால் அணைத்துவிட்டேன். செலவில்லாமல் வேறு எந்தத் திறமூல மென்பொருளைப் பயன்படுத்தலாம்?

பதில்: அந்த 200 மின்னஞ்சல்களை அழித்துவிடாமல் இருந்தால் நேரவாரியாக அடுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஓரிரு நிகழ்வுகள்தான் இருக்கும். இரண்டாம் கட்டடத்துக்குப் போகும் ஃபைபர் இணைப்பு ஒன்று விட்டுப்போனால், அதற்கு அப்பால் உள்ள ஸ்விட்ச், கேமரா எல்லாம் செத்துவிட்டதாகவே நாகியோஸ் நினைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒப்பாரி வைக்கும். இணைப்பு திரும்பியதும் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு மின்னஞ்சல். விட்டுவிட்டு வரும் இணைப்பாக இருந்தால் 200 என்பது குறைவுதான்.

இதற்கு நாகியோஸிலேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு கருவியின் வரையறையிலும் ‘பேரண்ட்ஸ்’ என்று ஒரு வரி எழுதலாம். இந்தக் கேமராவுக்குப் போக எந்த ஸ்விட்ச்சைத் தாண்ட வேண்டும் என்பதுதான் அந்த வரி. அதை எழுதிவிட்டால் நடுவிலுள்ள ஸ்விட்ச்சை மட்டும் ‘டவுன்’ என்றும், பின்னால் இருப்பவற்றை ‘அன்ரீச்சபிள்’ என்றும் பிரித்துக் காட்டும். இரண்டாம் வகைக்கு அறிவிப்பு வேண்டாம் என்று அமைத்தால் உங்களுக்கு வருவது ஒரே செய்தி. ஐம்பது கருவிகளுக்கும் இதை எழுத ஒரு பிற்பகல் போகும். எந்த வயர் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று அன்றைக்கே நேரில் பார்த்துவிடுவீர்கள். பலருக்கு அதுவே முதல் முறையாக இருக்கும்.

அடுத்தது நாகியோஸின் அவசரம். ஒரு பிங் (‘இருக்கிறாயா’ என்று கருவியைக் கேட்கும் சிறு செய்தி) தவறியதும் அலற வேண்டியதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு சோதனை, தவறினால் ஒரு நிமிட இடைவெளியில் மறுசோதனை, மொத்தம் மூன்று முறை தவறினால் மட்டும் அறிவிப்பு என்று வையுங்கள். முதல் இரண்டு தவறுகளையும் அது ‘சாஃப்ட்’ நிலையாகக் குறித்துக்கொண்டு சும்மா இருக்கும். கணக்குப் போட்டால், ஒரு கருவி நின்று அதிகபட்சம் ஏழு நிமிடத்தில் உங்களுக்குத் தெரியும். முதலாளி அதற்குள் போன் செய்துவிடுவார் என்றால் பில்லிங் சர்வருக்கு மட்டும் இடைவெளியை ஒரு நிமிடமாக்குங்கள். கேமராவுக்கு வேண்டாம்.

மென்பொருள் எது என்ற கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1999இல் ஈத்தன் கேல்ஸ்டாட் ‘நெட்செயின்ட்’ என்ற பெயரில் வெளியிட்டதுதான் பிறகு நாகியோஸ் ஆனது. அதிலிருந்து 2009இல் பிரிந்தது ஐசிங்கா. லாட்வியாவில் பிறந்த ஸாபிக்ஸ் பெரிய நிறுவனங்களுக்கும் தாங்கும். தரவுத்தளத்தையும் சேர்த்துப் பராமரிக்க வேண்டும். ஸ்விட்ச்சின் ஒவ்வொரு போர்ட்டிலும் எவ்வளவு தரவு போகிறது என்று வரைபடம் வேண்டுமானால் லிப்ரெஎன்எம்எஸ். அழகான திரையும் பத்து நிமிட நிறுவலும் போதும் என்றால் அப்டைம் கூமா. உங்கள் அளவுக்கு நாகியோஸையே திரும்ப எழுப்புங்கள் என்பேன். அதன் திரை பழைய காலத்து ரயில்வே அறிவிப்புப் பலகை போலத்தான் இருக்கும். ஐம்பது கருவிகளுக்கு அது போதும்.

பிங் விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பிங்குக்குப் பதில் வந்தால் அந்த இயந்திரம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், வேலை செய்கிறது என்று அல்ல. வட்டு நிரம்பி பில் போட முடியாமல் நிற்கும் சர்வரும் பிங்குக்குச் சமர்த்தாகப் பதில் சொல்லும். ஆகவே பில்லிங் மென்பொருளின் நுழைவுப் பக்கத்தைத் திறந்து, அதில் உங்கள் நிறுவனத்தின் பெயர் வருகிறதா என்று பார்க்கும் சோதனையைச் சேருங்கள். வட்டில் 10 சதவீதத்துக்குக் கீழே இடம் போனால் எச்சரிக்கை வரட்டும். கேமராக்களில் வீடியோ வெளிவரும் 554ஆம் போர்ட்டை (இது வயர் செருகும் துளை அல்ல, இணைப்புக்கான எண்) தட்டிப் பார்க்கலாம். ரெக்கார்டரில் பதிவு ஓடுகிறதா என்பதை வாரம் ஒரு முறை கண்ணால் பார்ப்பதுதான் நம்பிக்கை. ஸ்விட்ச்சுகளின் நிலவரத்தை எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளிடம் தகவல் கேட்கும் முறை) வழியாகக் கேட்பதாக இருந்தால், வாங்கும்போதே கருவியில் இருக்கும் ‘பப்ளிக்’ என்ற கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள்.

இணையமே நின்றுபோனால் மின்னஞ்சல் எப்படி வெளியே போகும்? இதை யோசிக்காமல் விட்ட இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யுஎஸ்பி மோடமில் ஒரு சிம் போட்டு, ‘காமு’ என்ற திறமூலக் கருவி மூலம் குறுஞ்செய்தி அனுப்ப வையுங்கள். கண்காணிக்கும் கணினியே செத்தால் சொல்ல ஆள் வேண்டுமல்லவா? வெளியே ஒரு மலிவான மெய்நிகர் சர்வரில் அப்டைம் கூமாவை வைத்து, உங்கள் கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதற்கு ‘இருக்கிறேன்’ என்று சொல்லட்டும். சத்தம் நின்றால் அது உங்களைக் கூப்பிடும். கண்காணிக்கும் கணினியும் முதன்மை ஸ்விட்ச்சும் யுபிஎஸ்ஸில் இருப்பது கட்டாயம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று செய்தித்தாளில் பார்த்தால், அந்த நேரத்தில் அறிவிப்பு வராமலிருக்க, அதை முந்தைய நாளே நாகியோஸில் ‘டவுன்டைம்’ ஆகப் பதிந்துவிடுங்கள்.

பழைய பதிவுகளையும் அழிக்காதீர்கள். ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பகுதி ஸ்விட்ச் மட்டும் அடிக்கடி நின்றுவந்தது. ஸ்விட்ச்சை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள், பலனில்லை. மூன்று வாரப் பதிவைத் திறந்து பார்த்தேன்: ஞாயிறு தவிர எல்லா நாளும் மாலை 3.50 முதல் 4.00 வரை. 3.45க்குப் போய் அங்கே நின்றேன். ஒருவர் வந்து ஸ்விட்ச்சின் பிளக்கைப் பிடுங்கி, அதே இடத்தில் டீ கெட்டிலைச் செருகினார். இருபது ரூபாய் பிளக் பாயின்ட்டில் தீர்ந்தது.

எல்லாம் அமைத்து முடித்த அன்று, மதிய உணவு நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் இரண்டாம் கட்டடத்துக்குப் போகும் ஃபைபரைக் கழற்றிவிட்டு ஏழு நிமிடம் காத்திருங்கள். உங்கள் போனுக்கு ஒரே ஒரு செய்தி வர வேண்டும். இரண்டு வந்தால் எந்தக் கருவியில் ‘பேரண்ட்ஸ்’ வரி விட்டுப்போயிருக்கிறது என்று அந்த இரண்டாவது செய்தியே காட்டிக்கொடுத்துவிடும்.