கேபிளுக்குத் தாங்கி எதற்கு? – ஒலி கேள்வி பதில்

ஸ்பீக்கருக்கென்று தனியாக விற்கப்படும் துணைப்பொருள்கள் பற்றி பெங்களூரு வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

அல்சூர் வாசகர்: ஸ்பீக்கர் கேபிள் தரையில் படக் கூடாது, தரையின் நிலைமின்னேற்றம் ஒலியை மங்கடிக்கும் என்று சொல்லி எட்டு பீங்கான் தாங்கிகளை 14,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். கடையில் வைத்தும் எடுத்தும் காட்டினார்கள். தாங்கி வைத்ததும் பாடகரின் குரல் முன்னால் வந்த மாதிரி எனக்கே தெரிந்தது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கேபிளின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே கொஞ்சம் மின்தேக்கம், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் தன்மை, உண்டு. தரை பக்கத்தில் இருந்தால் அது துளி கூடும் என்பதும் உண்மைதான். விற்பவர்கள் பிடித்துக்கொள்வது இந்த நூலிழையைத்தான். அளவைப் பாருங்கள். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 5 மீட்டருக்கு 500. காதின் உச்ச எல்லையான 20,000 ஹெர்ட்ஸில் அதன் மறிப்பு (அந்த வழியில் மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை) ஏறக்குறைய 16,000 ஓம். பக்கத்திலேயே 8 ஓம் ஸ்பீக்கர் இருக்கிறது. தரையால் மின்தேக்கம் இரண்டு மடங்கே ஆனாலும் 8,000 ஓம். ஸ்பீக்கருக்குப் போவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் அந்த வழியில் போகும். அதையும் ஆம்ப்ளிஃபயர் கூடுதலாகக் கொடுத்துவிடும், ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் வோல்டேஜ் அப்படியே இருக்கும்.

கடையில் உங்களுக்கு வித்தியாசம் கேட்டது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அது தாங்கியால் வந்ததா என்பதுதான் கேள்வி. எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உட்காரும்போது தலை பத்து சென்டிமீட்டர் நகர்ந்தாலே போதும், நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டு வரும் ஒலியும் சேரும் விதம் மாறி 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பல இடங்களில் அளவு ஏறி இறங்கும். குரல் முன்னால் வருவதும் பின்னால் போவதும் அந்தப் பகுதியில்தான். இன்னொன்று, தாங்கி வைத்தாயிற்று என்று தெரிந்துகொண்டு கேட்பது. ஒலி ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994இல் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் 40 பேரை வைத்து ஸ்பீக்கர்களைச் சோதித்தார்கள். எது எந்த ஸ்பீக்கர் என்று கண்ணால் பார்த்துக் கேட்டபோது கொடுத்த மதிப்பெண்கள், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது மாறிப்போயின. கேட்டுப் பழகியவர்களும் இதற்கு விலக்காக இல்லை.

கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் வீட்டில் இப்படிச் சோதியுங்கள். இரண்டு பேர் வேண்டும். கேபிள் போகும் வழி முழுவதையும் பெட்ஷீட்டால் மூடி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபடி செய்யுங்கள். நன்றாகத் தெரிந்த பாட்டிலிருந்து 30 விநாடித் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியின் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டி இடத்தைக் குறியுங்கள். முதலில் தாங்கியோடும் தாங்கி இல்லாமலும், தெரிந்தே எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் அறையைவிட்டு வெளியே போக வேண்டும். உதவி செய்பவர் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் தாங்கியோடு, பூ விழுந்தால் தாங்கி இல்லாமல் என்று வைத்துத் தன் தாளில் குறித்துக்கொள்வார். நிலை மாறாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் கேபிளைத் தூக்கி, எடுத்து, அதே நேரம் செலவழித்துத்தான் திரும்ப வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அவர் வேறு கதவு வழியாகப் போய்விட்டால் நல்லது. இல்லாவிட்டால் அவர் முகமே விடையைச் சொல்லிவிடும். நீங்கள் உள்ளே வந்து கேட்டு, உங்கள் தாளில் எழுதுங்கள்.

மொத்தம் 16 முறை. ஒரே மூச்சில் செய்தால் காது சலித்துவிடும். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். 12 அல்லது அதற்கு மேல் சரியாக இருந்தால் அது குருட்டாம்போக்கில் நடக்க நூற்றில் நான்கு வாய்ப்புக்கும் குறைவு; அப்போது இன்னொரு 16 முறை செய்து உறுதிசெய்துகொள்ளுங்கள். எட்டு, ஒன்பது, பத்து என்று வந்தால் நாணயம் சுண்டியதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. இதில் பலர் தவறுவது ஓரிடத்தில்தான்: முதல் ஆறில் ஐந்து சரியானதும் நிரூபித்துவிட்டோம் என்று நிறுத்திவிடுவார்கள். ஆறில் ஐந்தோ ஆறோ சரியாக வருவது வெறும் அதிர்ஷ்டத்திலேயே பத்துக்கு ஒரு தடவை நடக்கும். எத்தனை முறை என்று தொடங்கும்போதே எழுதிவைத்துக்கொண்டு அதை முடித்தே ஆக வேண்டும். நடுவில் வால்யூமைத் தொடக் கூடாது. மின்விசிறி ஓடக் கூடாது.

ஜாலஹள்ளி வாசகர்: எஸ்.பி. ரோட்டில் 2.5 சதுர மில்லிமீட்டர் என்று சொல்லி விற்ற ஸ்பீக்கர் வயர் 5 மீட்டர் வாங்கினேன். மலிவு வயர் எல்லாமே அலுமினியம், மீட்டர் 3,000 ரூபாய் கேபிள்தான் அசல் செம்பு என்கிறார் ஒரு ஷோரூம்காரர். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அந்தப் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சுப் பூசிய வயர் சந்தையில் நிறையவே கிடக்கிறது. அதே தடிமனில் அதன் மின்தடை அசல் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் அதைக் கண்டுபிடிக்க 3,000 ரூபாய் கேபிள் தேவையில்லை, பிளேடு போதும். ஓர் இழையைப் பிரித்துச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். வெளியே வெள்ளியாகவும் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கையில் எடுத்துப் பார்த்தாலும் தெரியும்: அலுமினியக் கட்டு தன் அளவுக்கு மிக லேசாக இருக்கும்.

தடிமன் சொன்னபடி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. சாதாரண மல்டிமீட்டரின் ஓம் பக்கம் இதற்கு உதவாது. அதன் புரோப் வயர்களின் தடையே நீங்கள் அளக்க நினைப்பதைவிட அதிகம். வேறு வழியில் அளக்கலாம். யூபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றும், கார் இண்டிகேட்டரின் 21 வாட் பல்பு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளின் ஒரு முனையில் இரண்டு கம்பிகளையும் இறுக்கமாக முறுக்கிச் சேர்த்துவிடுங்கள். மறுமுனையில் ஒரு கம்பி பேட்டரியின் நெகட்டிவுக்கு, இன்னொரு கம்பி பல்பு வழியாகப் பாசிட்டிவுக்கு. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றிப் பல்போடு தொடராக இணைத்தால் 1.7 ஆம்பியர் அளவில் காட்டும், அதைக் குறித்துக்கொண்டு மீட்டரை எடுத்துவிட்டுச் சுற்றை மறுபடி சேருங்கள். இப்போது சிவப்பு புரோபை வோல்ட் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டுப் பேட்டரி முனைகளைத் தொட்டால் நேரடி ஷார்ட். பிறகு மில்லிவோல்ட் அளவில், கேபிளின் பேட்டரிப் பக்க முனையில் உள்ள இரண்டு செம்பு நுனிகளுக்கு இடையே அளவெடுங்கள். கிளிப்பின் மேல் வைக்க வேண்டாம், கிளிப் தொடுமிடத்தின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

5 மீட்டர் கேபிளில் போகவர 10 மீட்டர் கம்பி. அசல் செம்பு 2.5 என்றால் மொத்தத் தடை 0.07 ஓம், 1.7 ஆம்பியரில் 120 மில்லிவோல்ட் பக்கம் வரும். 180, 190 என்று வந்தால் இரண்டில் ஒன்று: உள்ளே அலுமினியம், அல்லது செம்புதான் ஆனால் 1.5 தடிமன். எது என்று பிளேடு சொல்லிவிடும்.

1.5 தடிமன் செம்பு என்று தெரிந்தால் வயரைக் கழற்றிப் போட அவசரப்படாதீர்கள். போகவரச் சேர்த்து மொத்தத் தடை ஸ்பீக்கரின் ஓமில் இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும் என்பது பழைய, நம்பத்தக்க விதி. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம் வரை, 4 ஓமுக்கு 0.2 வரை. 1.5 செம்பு 5 மீட்டரில் 0.115 ஓம்தான். மிக மெல்லிய 0.75 வயர்கூட 0.23, 8 ஓம் ஸ்பீக்கரில் கால் டெசிபெல் (டெசிபெல் என்பது ஒலி அளவின் அலகு) இழப்பு. இந்தக் கால் டெசிபெல்லை வைத்தும் கடைகளில் வியாபாரம் நடக்கிறது: மெல்லிய வயரில் ஒரு தடவை, தடித்த கேபிளில் ஒரு தடவை, வால்யூமைத் தொடாமல் போட்டுக் காட்டுவார்கள். இரண்டாவது ஒரு துளி சத்தமாக இருக்கும். அந்த அளவு வித்தியாசத்தைச் சத்தம் என்று காது அடையாளம் காணாது, தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே கேபிள்களை ஒப்பிடுவதானால் 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் ஏ.சி. வோல்டேஜை அளந்து, இரண்டையும் நூற்றில் ஒரு பங்குக்குள் சமப்படுத்திய பிறகே கேளுங்கள். ஒரு பங்கு என்பது 0.09 டெசிபெல். 1,000 ஹெர்ட்ஸில் அளக்காதீர்கள், மலிவு மல்டிமீட்டர்கள் அங்கே தவறாகக் காட்டும்.

புது வயர் வாங்குவதானால், வீட்டு வயரிங்குக்கான ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள பல இழைச் செம்பு வயர் 2.5 அளவில் இரண்டை முறுக்கிக்கொண்டால் போதும். 10 மீட்டர் தூரத்துக்கு 4 ஓம் ஸ்பீக்கரையும் அது தாங்கும்.

விவேக் நகர் வாசகர்: கிரானைட் தரையில் ஸ்பீக்கருக்குக் கூர்முனைக் கால்கள் தேவையா?

பதில்: தேவையில்லை. மரப்பலகைத் தரையில் கம்பளம் விரித்திருக்கும் வீடுகளில், கம்பளத்தைத் துளைத்துக் கெட்டியான தளத்தைத் தொடுவதற்காக வந்தவை அவை. நம் வீடுகளில் கான்கிரீட் மேல் கல். அங்கே கூர்முனை கல்லைக் கீறும், தள்ளினால் ஸ்பீக்கர் வழுக்கும். ஸ்பீக்கர் ஆடாமல் நிற்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். மூலைவிட்டமாக அழுத்தினால் தட்தட் என்று ஆடினால் தரையில் படாத காலுக்கு அடியில் 1 மில்லிமீட்டர் ரப்பர் துண்டு வையுங்கள்.

பானஸ்வாடி வாசகர்: கேபிள் 200 மணி நேரம் ஓடிய பிறகுதான் "பழகும்", அதுவரை ஒலி இறுக்கமாக இருக்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: ஸ்பீக்கரின் கூம்பைத் தாங்கும் துணி வளையமும் ரப்பர் விளிம்பும் முதல் சில நிமிடங்கள், மணி நேரங்களில் சற்று இளகும், அது அளவிடக்கூடியது. செம்புக் கம்பியில் இளகுவதற்கு ஒன்றுமில்லை. 200 மணி நேரத்தில் பழகுவது கேட்பவரின் காதுதான். தினமும் இரண்டு மணி நேரம் கேட்டால் 200 மணி நேரத்துக்கு நூறு நாள். திருப்பிக் கொடுக்கும் கெடு அதற்குள் எப்போதோ முடிந்துபோயிருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

அளந்து பார்க்க ஆசை இருந்தால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒரு யூ.எஸ்.பி. அளவீட்டு மைக்கும் போதும். மைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, எதையும் மாற்றாமல் மூன்று முறை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அளவெடுங்கள். அந்த மூன்று கோடுகளுக்குள் இருக்கும் இடைவெளிதான் உங்கள் அளவீட்டின் நம்பகத்தன்மை. கேபிளை மாற்றியோ, ஒலி மேம்படும் என்று சொல்லி ஸ்பீக்கர் பெட்டியில் ஒட்ட விற்கும் "குவாண்டம்" ஸ்டிக்கரை ஒட்டியோ மறுபடி அளந்தால் வரும் கோடு அந்த இடைவெளிக்குள்ளேயே இருந்தால், அளவில் தெரியும் மாற்றம் எதுவும் நடக்கவில்லை.

ஸ்டிக்கருக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டதாக ராமமூர்த்தி நகர் வாசகர் எழுதியிருக்கிறார். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, சொன்ன பலன் கிடைக்கவில்லை என்று விற்றவருக்கு முதலில் எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

கே.ஆர். புரம் வாசகர்: துணைப்பொருளுக்கு என்று 20,000 ரூபாய் எடுத்துவைத்தேன். இவை எதுவும் வேண்டாம் என்றால் அந்தப் பணத்தை எதில் போடுவது?

பதில்: அறையில் போடுங்கள். 15-க்கு 12 அடி ஹாலில் நீளவாட்டில் 37 ஹெர்ட்ஸ், அகலவாட்டில் 47 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி நின்று அதிரும். அந்த அதிர்வெண்களில் அறையின் சில இடங்களில் பாஸ் வீங்கி, வேறு இடங்களில் காணாமல் போகும். ஸ்பீக்கருக்குப் பின்னால் 1 மீட்டரில் சுவர் இருந்தால், பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேரொலியைத் தின்னும். அரை மீட்டருக்கு நகர்த்தினால் அந்தப் பள்ளம் 170 ஹெர்ட்ஸுக்குப் போகும். எந்தக் கேபிளும் செய்யாத அளவு மாற்றம் இது, பல டெசிபெல். செலவில்லாமல் முதலில் இதைச் செய்யுங்கள்: ஸ்பீக்கரை 15 சென்டிமீட்டர் படியாக முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் மிருதங்கத்தின் தொப்பி ஒலியைக் கேளுங்கள். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, ஒன்றோடொன்று குழையாமல் கேட்கும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். பிறகு கைதட்டிப் பாருங்கள். கணீரென்று எதிரொலித்தால் ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே தடித்த ஜமக்காளமோ கம்பளமோ, பக்கச் சுவரில் புத்தக அலமாரி, ஜன்னலுக்குக் கனமான இரட்டைத் திரை. அளவீட்டு மைக் வாங்குவதும் இந்தப் பணத்துக்குள் அடங்கும். அதை முதலில் வாங்கினால் மற்றவற்றை எங்கே வைப்பது என்று அதுவே காட்டும்.