பொறி எங்கே நுழைகிறது? கலிபோர்னியா காட்டுத்தீ பற்றிக் கேள்வி பதில்

2017 அக்டோபர் 9 விடியற்காலை, சாண்டா ரோசாவின் காஃபி பார்க் குடியிருப்பில் எங்கள் வீடு எரிந்தது. திரும்பக் கட்டிக் குடிபோக இரண்டே கால் வருஷம் ஆயிற்று. அதற்கப்புறம் அவசரகாலத் தன்னார்வலர் பயிற்சி எடுத்தேன். வீடு இழந்தவர்களோடு உட்கார்ந்து காப்பீட்டுப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் பழகிவிட்டது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் எரிந்த பிறகு வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

சான் ஹோசேயிலிருந்து: அக்கா, எங்கள் வீட்டைச் சுற்றிக் காடே கிடையாது. நாங்கள் ஏன் பயப்பட வேண்டும்?

காஃபி பார்க்கிலும் காடு கிடையாது. தீ ஆறு தடமுள்ள 101 நெடுஞ்சாலையைத் தாண்டி வந்தது. தாண்டியது தீப்பொறிதான். காட்டுத்தீயில் பெரும்பாலான வீடுகளைப் பற்றவைப்பது சுவர்போல எழும்பி வரும் நெருப்பு அல்ல, காற்றில் பறந்து வரும் கங்கு. பரணுக்குக் காற்றுப் போகிற வென்ட் வழியாக அது உள்ளே நுழையும், கூரைக் கால்வாயில் சேர்ந்த சருகில் விழுந்து பிடித்துக்கொள்ளும். வென்ட்டுக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அல்லது அதைவிடச் சின்னக் கண்ணுள்ள உலோக வலை போடுங்கள். ஒரு சனிக்கிழமை வேலைதான்.

அடுத்தது, சுவரை ஒட்டிய ஐந்தடி. இங்கே அதை 'ஜோன் ஜீரோ' என்கிறார்கள். அங்கே மரத்தூள் பரப்பாதீர்கள், விறகு அடுக்காதீர்கள். மரவேலி சுவரைத் தொட்டால் கடைசித் துண்டை எடுத்துவிட்டு உலோகம் வையுங்கள். நம் வீடுகளில் இன்னும் இரண்டு உண்டு: வாசலில் தேங்காய் நார் மிதியடி, நிலைப்படியில் பொங்கலுக்குக் கட்டி மொறுமொறுவென்று காய்ந்துபோன மாவிலைத் தோரணம். தீ வேகமாகப் பரவும் வானிலை என்று சொல்லும் ரெட் ஃபிளாக் எச்சரிக்கை வந்தால் முதலில் இவை இரண்டையும் எடுங்கள்.

ஃப்ரீமான்ட்டிலிருந்து: தாளிக்கும்போதெல்லாம் ஸ்மோக் அலாரம் அலறுகிறது. பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறேன். தப்பா?

தப்புதான். காட்டுத்தீ வருகிறதோ இல்லையோ, அமெரிக்க வீடுகளில் தீப்பிடிக்க முதல் காரணம் சமையல். அலாரத்தை அடுப்பிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி மாட்டுங்கள். போட்டோஎலக்ட்ரிக் வகை வாங்கினால் கடுகு வெடிப்பதற்கெல்லாம் கத்தாது. பின்பக்கம் தயாரிப்புத் தேதி இருக்கும், பத்து வருஷம் ஆனால் மாற்றிவிடுங்கள். எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியைச் சரித்துத் தள்ளி மூடி, அடுப்பை அணைத்து, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

சான் டியேகோவிலிருந்து: ஊரிலிருந்து அம்மா வந்து தங்கியிருக்கிறார். முழங்கால் வலி. 'கிளம்பு' என்று சொன்னால் என்ன செய்வது?

சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். 'வார்னிங்', அதாவது தயாராக இருங்கள் என்று சொல்லும் கட்டத்திலேயே அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். 'ஆர்டர்', அதாவது உடனே வெளியேறும் உத்தரவு வந்த பிறகு சாலை நகராது. அவர் மாத்திரை, கண்ணாடி, பாஸ்போர்ட் எல்லாம் ஒரே பையில் கதவோரம் இருக்கட்டும்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். கராஜில் கதவைத் திறக்கும் மோட்டாரான ஓப்பனரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, கதவைக் கையால் தூக்குங்கள். 2017 தீயில் மின்சாரம் போய், கராஜ் கதவைத் திறக்க முடியாமல் இறந்தவர்கள் உண்டு. அதனால்தான் 2019 ஜூலையிலிருந்து இங்கே விற்கும் ஓப்பனருக்கு பேட்டரி கட்டாயமானது. பழைய ஓப்பனர் என்றால் கயிறுதான் கதி.

ஆல்டடீனாவிலிருந்து: எங்கள் வீடு நிற்கிறது, உள்ளே எல்லாம் சாம்பல். கூட்டிப் பெருக்கிவிட்டுக் குடியேறலாமா?

பெருக்காதீர்கள். அது விறகுச் சாம்பல் இல்லை. பக்கத்து வீடுகளின் பழைய பெயின்ட், கார், பேட்டரி எல்லாம் எரிந்த சாம்பல். அதில் ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். முதலில் எதையும் தொடாமல் அறை அறையாகப் படம் எடுங்கள். வீட்டுக்குள் நச்சு இருக்கிறதா என்று சோதிக்கும் ஹைஜீனிஸ்ட் ஒருவரை வைத்து மாதிரி எடுத்து, லேப் ரிப்போர்ட் வாங்குங்கள். புகைச் சேதத்தைக் காப்பீட்டுக்காரர் 'துடைத்தால் போகும்' என்று சொன்னால் பேச அதுதான் ஆதாரம். சுத்தம் செய்கிற அன்று என்-95 முகமூடி, கையுறை, ஈரத்துணி வேண்டும். வாக்குவம் என்றால் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் உள்ளது மட்டும். இலை ஊதும் மெஷினைத் தொடவே வேண்டாம். குழந்தைகள் அங்கே வர வேண்டாம்.

தண்ணீரிலும் கவனம். எங்கள் ஊரிலும், 2018-ல் எரிந்த பாரடைஸ் ஊரிலும், தீக்குப் பிறகு குடிநீர்க் குழாயில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் வந்தது. கொதிக்க வைத்தால் அது சமையலறைக் காற்றில் கலக்கும், அவ்வளவுதான். தண்ணீர் கம்பெனி சரி என்று எழுத்தில் சொல்லும்வரை பாட்டில் தண்ணீர்.

பசிபிக் பாலிசேட்ஸிலிருந்து: எல்லாம் போய்விட்டது. காப்பீட்டுக்காரர் பொருள் பட்டியல் கேட்கிறார். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

உட்காருங்கள், முதலில் ஒரு காபி குடியுங்கள். வீடு முழுதும் அழிந்த பேரிடர் என்றால், பட்டியல் கொடுக்காமலே ஒரு தொகை வாங்கச் சட்டத்தில் இடமுண்டு. 2025 ஜனவரியில் இருந்த விதிப்படி கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 30 சதவீதம், அதிகபட்சம் இரண்டரை லட்சம் டாலர். அதை எழுத்தில் கேளுங்கள். வாடகைக்குப் போகும் செலவுக்குக் குறைந்தது 24 மாதம் உண்டு, கட்டுமானம் தாமதமானால் இன்னும் 12 மாதம் வரை. ஆனால் காலத்தைத்தான் சட்டம் நீட்டும். தொகைக்கு உச்சவரம்பு உங்கள் பாலிசியில் எழுதியதுதான்.

மிச்சத்துக்குப் பட்டியல் போட்டுத்தான் ஆக வேண்டும். என்னைக் காப்பாற்றியது கொலுப் படங்கள். தீக்குச் சுமார் பத்து நாள் முன்னால் நவராத்திரி முடிந்திருந்தது. சுண்டலுக்கு வந்த தோழிகள் எல்லாரும் வாட்ஸாப்பில் அனுப்பிய படங்களில் பொம்மைக்குப் பின்னால் சோபா, டிவி, வீணை, புத்தக அலமாரி என்று எங்கள் கூடமே இருந்தது. சமையலறையைக் கண்ணை மூடி அலமாரி அலமாரியாக நினைத்து எழுதினேன்: இட்லிப் பானை, கல்சட்டி, இரும்புத் தோசைக்கல். சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்த அட்ஜஸ்டருக்கு வெட் கிரைண்டர் என்றால் என்னவென்று தெரியாது. படமும் விலையும் அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

வீடு நிற்கிறவர்கள் இன்று இரவு ஒவ்வொரு இழுப்பறையையும் திறந்து ஒரு வீடியோ எடுத்து கிளவுடில் போட்டு வையுங்கள்.

அவரே: அம்மாவின் அட்டிகை வீட்டில்தான் இருந்தது. இனி அவ்வளவுதானா?

தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும், ஆவியாகிப் போய்விடாது. இடிபாடுகளை அள்ளுகிறவர்கள் உங்களுக்காகச் சலிக்க மாட்டார்கள். அதனால் அவர்கள் வருவதற்கு முன்னால், அனுமதி வாங்கி, முகமூடியோடு, பீரோ நின்ற இடத்தைச் சல்லடையில் சலியுங்கள். உருமாறிய கட்டியாகக் கிடைக்கலாம். இரும்புப் பெட்டி இருந்தால் நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள். சூட்டோடு திறந்தால் உள்ளே காற்றுப் பட்டு, தப்பித்த காகிதமும் பற்றிக்கொள்ளும்.

பாசடினாவிலிருந்து: பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்களா?

அவசரநிலை அறிவிக்கப்பட்டால், தீ எல்லைக்குள்ளும் ஒட்டியும் உள்ள ஜிப் கோடுகளில் (அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில்) ஒரு வருஷம் தீயைக் காரணம் காட்டிப் புதுப்பிக்காமல் விட முடியாது. அப்புறம் விடலாம். அந்த ஒரு வருஷத்திலேயே வேறு கம்பெனி தேடத் தொடங்குங்கள். எங்கும் கிடைக்காவிட்டால் கடைசிப் புகலிடமான காப்பீடு, ஃபேர் பிளான், இருக்கிறது. விலை அதிகம், பாதுகாப்புக் குறைவு.

சான் ஹோசே தங்கை மறுபடியும்: புது வீட்டில் நீங்கள் என்ன மாற்றினீர்கள், அக்கா?

சுவரோரம் சரளைக்கல். வென்ட்டுக்கு வலை. மிதியடி ரப்பர். தோரணம் பண்டிகை முடிந்த மறுநாளே குப்பைக்கு. கறிவேப்பிலையை மட்டும் விட மனசு வரவில்லை. முன்பு அடுக்களைச் சுவரை ஒட்டி பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தது. இப்போது பன்னிரண்டடி தள்ளி மண்தொட்டியில். தாளிக்கிற நேரத்தில் ஓடிப்போய்ப் பறித்து வர வேண்டியிருக்கிறது.